டிரெய்லர் இழுக்கும் பிக்கப்பில் டீசல் கணக்கு: கடலூர், புதுச்சேரிச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

படுக்கையும் சிறு அடுப்படியும் கொண்ட கூண்டு டிரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு முதன்முறை நெடும்பயணம் போய்வந்தவர்கள் எல்லோரும் திரும்பிவந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வண்டி பாதி மைலேஜ்தான் தருகிறது, எங்கே ஓட்டை?" பெரும்பாலும் வண்டியில் ஓட்டை எதுவும் இருப்பதில்லை, அளந்த முறையிலும் ஓட்டிய வேகத்திலும்தான் இருக்கிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால்தான் பயன் கிடைக்கும். வரிசை மாறினால், எந்த மாற்றம் எவ்வளவு டீசலை மிச்சப்படுத்தியது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

1. முதலில் சேகரிக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், டயர் காற்று பார்க்கும் சொந்த அளவி, ஜாக்கி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு ஜோடி மரக்கட்டைகள், வண்டியோடு வந்த உரிமையாளர் கையேடு ஆகியவை போதும். அளவியைச் சொந்தமாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பங்க்குகளில் உள்ள காற்றுக் கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். நமக்கு வேண்டியது ஒரே கருவியில் மாதக்கணக்கில் எடுத்த அளவுகள்.

கையேட்டில் இரண்டு எண்களைத் தேடி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பிரேக் உள்ள டிரெய்லரை எத்தனை கிலோ வரை இழுக்கலாம், டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் எத்தனை கிலோ வரை அமரலாம். இந்த எண்கள் கையேட்டில் இல்லாத வண்டியில் பட்டறைக்காரர் ஒருவர் கொக்கியைப் பற்றவைத்துத் தந்துவிட்டார் என்பதற்காக இழுக்கத் தொடங்குவது தவறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லருக்கும் பதிவு தேவை. அந்தத் தாள்களும் காப்பீடும் கையில் இருக்கட்டும்.

2. எடை மேடையில் மூன்று முறை நிறுத்துதல்

தன் டிரெய்லர் "ஒரு டன் இருக்கும்" என்று சொல்பவர்களில் சரியாகச் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கடலூரில் சிப்காட் பக்கமும் நெல்லிக்குப்பம் சாலையிலும் லாரிகளுக்கான எடை மேடைகள் இருக்கின்றன. கூட்டமில்லாத நேரத்தில் போனால் மூன்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். பயணத்துக்குப் போவது போலவே டேங்க்கை நிரப்பி, ஆட்களை ஏற்றி, பாத்திரம் பண்டங்களோடு போக வேண்டும்.

முதல் சீட்டு பிக்கப்புக்கு மட்டும். இரண்டாவது சீட்டுக்கு டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, டிரெய்லரின் சக்கரங்கள் வெளியே தரையில் நிற்க வேண்டும். மூன்றாவது சீட்டு இரண்டும் முழுமையாக மேடை ஏறிய நிலையில். எடுத்துக்காட்டாக முதல் சீட்டு 2,150 கிலோ, இரண்டாவது 2,290 கிலோ, மூன்றாவது 3,500 கிலோ என்று வந்தால், டிரெய்லரின் எடை 1,350 கிலோ, கொக்கியின் மேல் அமரும் எடை 140 கிலோ. அதாவது டிரெய்லர் எடையில் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

டீசல் கணக்குக்குக் கொக்கி எடை எதற்கு என்று கேட்கலாம். கொக்கியில் எடை குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ஓட்டுபவர் வேகத்தை ஏற்றி இறக்கி, ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே போவார், டீசலும் அதனோடு போகும். எடை மிகுந்தால் பிக்கப்பின் பின்பக்கம் அமர்ந்து மூக்கு தூக்கும். முன்சக்கரப் பிடிப்பு குறையும், விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். அமெரிக்க நடைமுறையில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் வண்டியின் கையேடு அதைவிடக் குறைந்த வரம்பைச் சொன்னால் கையேடே இறுதி. தண்ணீர்த் தொட்டி, அரிசி மூட்டை, பேட்டரி போன்ற கனமானவற்றை டிரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னே, தரையை ஒட்டி வைத்து இதைச் சரிசெய்யலாம்.

3. டிரெய்லர் தடையில்லாமல் உருள்கிறதா

கடற்கரை ஊர்க்காரர்கள் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ வீட்டு வாசலில் நான்கு மாதம் நிற்கும் டிரெய்லரின் பிரேக் டிரம்முக்குள் (சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம்) உப்புக்காற்று புகுந்து துரு கட்டும். கை பிரேக்கைப் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். புறப்படும்போது "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும், வண்டி நகரும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் துருப்பிடித்த இணைப்புகள் முழுதாகத் திரும்பாமல், லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே வரும்.

ஆகவே டிரெய்லரை நிறுத்தி வைக்கும்போது கை பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, மறு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். சில சுற்றுகள் தானாகச் சுழல வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் பிரேக் பிடிக்கிறது. கரகரவென்று ஓசை வந்தால் பேரிங் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து அசைக்கும்போது மேலும் கீழும் ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது.

பிறகு, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, எல்லாச் சக்கரங்களின் ஹப்புக்கு (நடுக் குடம்) அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நேரடியாகத் தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் குறை அங்கேதான். ஒரு சக்கரத்தில் ஐந்து கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமமான சிறு பிடிப்பு இருந்தாலே, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மொத்த இழுவையில் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு கூடிவிடும். அந்தக் கணக்கு ஏழாம் படியில் இருக்கிறது.

இதை நானும் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு மழைக்காலம் முழுக்க டிரெய்லரை மூடிவைத்து, தையில் எடுத்து ஓட்டியபோது மைலேஜ் சரிந்தது. பங்க்கில் டீசல் சரியில்லை என்று மூன்று பங்க் மாற்றினேன். நான்காவது முறை டயர் மாற்ற நிறுத்திய இடத்தில்தான் இடப்பக்க டிரம் உரசிய சூட்டில் நீலம் பூத்திருப்பதைப் பார்த்தேன்.

4. டயரில் காற்று

காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடிக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் குளிர்ந்த பிறகு குறைவாக நிற்கும். புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை இதுதான். மே மாத வெயிலில் வண்டியின் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டு நின்றாலும் இரு பக்க அளவுகளும் வேறுபடும்.

பிக்கப்பின் பின் டயர்களுக்குக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்கான அழுத்தம் தனியாக இருக்கும். டிரெய்லர் மாட்டும்போது அதையே பின்பற்றுங்கள். டிரெய்லர் டயருக்கு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், தயாரிப்பாளர் சொன்ன அளவு. டயருக்குக் காற்று குறைந்து, உருளும்போது ஏற்படும் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால், மொத்த இழுவையில் எட்டு விழுக்காடு கூடும்.

5. டேங்க்கை நிரப்பி அளக்கும் முறை

முகப்புத் திரை காட்டும் சராசரி மைலேஜை நம்பிக் கணக்கெழுத வேண்டாம். அது எஞ்சினுக்குள் தெளிக்கப்பட்ட டீசலை மதிப்பிட்டுச் சொல்வது. பல வண்டிகளில் உண்மையைவிடச் சற்று நன்றாகவே காட்டும்.

ஒரே பங்க், முடிந்தால் ஒரே குழாய், வண்டி ஒரே பக்கமாக நிற்க வேண்டும். குழாய் முதல்முறை தானாக "டக்" என்று நிற்கும் இடமே நிறைவு. அதற்கு மேல் ஐம்பது ரூபாய் கணக்குச் சரிசெய்ய ஊற்றச் சொல்ல வேண்டாம். டீசல் நுரைக்கும் என்பதால் குழாயை முழு வேகத்தில் திறந்தால் டேங்க் நிறையும் முன்பே நின்றுவிடும். ஊழியரிடம் சொல்லி மெதுவாக ஊற்றச் செய்வது நல்லது. தூரமானியைச் சுழிக்குக் கொண்டுவந்து, நேரம், காற்றின் திசை, ஆட்களின் எண்ணிக்கை, ஏசி ஓடியதா என்பதையும் எழுதுங்கள். திரும்பி அதே இடத்தில் நிரப்பும்போது 212 கிலோமீட்டருக்கு 24.6 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 8.6 கிலோமீட்டர்.

ஓட்டத் தூரம் ஏன் பெரிதாக வேண்டும் என்றால், நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடவோ குறையவோ செய்வது இயல்பு. மொத்தமாகப் பத்து லிட்டர்தான் பிடித்தது என்றால் அந்தப் பிழை பத்து விழுக்காடு. நாற்பது லிட்டர் பிடித்தால் இரண்டரை விழுக்காடு. கடலூரிலிருந்து புதுச்சேரி போய்வந்து மைலேஜ் சொல்பவர்களின் கணக்கை நான் கேட்டுக்கொள்வதோடு சரி.

இந்த எல்லைப் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு; ஆகவே கடலூர்க்காரர்கள் பெண்ணையாற்றைத் தாண்டி முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் போய் நிரப்புவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் "ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை கிலோமீட்டர்" என்று கணக்கு வைத்திருந்தால், விலை குறைந்ததை மைலேஜ் கூடியதாக எடுத்துக்கொள்வோம். நோட்டில் லிட்டரையும் கிலோமீட்டரையும் மட்டும் எழுதுங்கள். ரூபாய்க்கு வேறு பக்கம் இருக்கட்டும்.

நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவது இன்னும் தெளிவு. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் 9 ஆனால் நூறு கிலோமீட்டருக்கு 1.4 லிட்டர் மிச்சம். 13 கிலோமீட்டர் 14 ஆனால் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் மிச்சம். இரண்டிலும் கூடியது ஒரு கிலோமீட்டர்தான், ஆனாலும் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அந்த ஒன்று மிகப் பெரிது.

6. டிரெய்லர் இல்லாமல் ஒரு முறை

இதைச் செய்யாமல் நேரே டிரெய்லரை மாட்டுபவர்கள்தான் அதிகம். வெறும் பிக்கப் இதே சாலையில், இதே வேகத்தில் என்ன தருகிறது என்று தெரியாவிட்டால், டிரெய்லர் எவ்வளவு தின்றது என்பதை எதிலிருந்து கழிப்பது?

சோதனைக்கு நான் பயன்படுத்தும் வழி, நகர நெரிசலைத் தாண்டிக் காலாப்பட்டுப் பக்கம் நிரப்பிக்கொண்டு, மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது. புதுச்சேரி நகருக்குள் மரப்பாலம், இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் ஆகிய சந்திப்புகளில் நிற்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அதைச் சோதனைக்குள் விட்டால் எண் கெட்டுப்போகும். ஏற்றத்தாழ்வில்லாத சமதரைச் சாலை என்பதால் இந்த வழியில் வேகம், காற்று இரண்டின் விளைவும் கலப்பில்லாமல் தெரியும்.

7. டிரெய்லருடன் ஓட்டம்: வேகமே முதல் மருந்து

அதே வழி, அதே நேரம், அதே பங்க். முதல் ஓட்டம் அறுபதில், இரண்டாவது ஓட்டம் எழுபதில். இடையே வேறெதையும் மாற்றக் கூடாது.

ஏன் வேகத்தை முதலில் எடுக்கிறோம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மொத்த எடை 3,500 கிலோ. காற்றை எதிர்கொள்ளும் முகப்புப் பரப்பு 5 சதுர மீட்டர். காற்றுத்தடைக் குணகம் 0.7, டயர் உருளும் தடைக்கான குணகம் 0.012, ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் சுமார் 36 மெகாஜூல், அதில் முப்பது விழுக்காடு சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளும் தடை எந்த வேகத்திலும் ஏறக்குறைய 412 நியூட்டன். காற்றுத்தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: மணிக்கு 60 கிலோமீட்டரில் 583 நியூட்டன், 80-இல் 1,037 நியூட்டன்.

இரண்டையும் கூட்டிப் பார்த்தால் லிட்டருக்குக் கிடைப்பது 50-இல் 13.2 கிலோமீட்டர், 60-இல் 10.9, 70-இல் 9.0, 80-இல் 7.5, 90-இல் 6.3. உண்மையில் ஏசி, நிறுத்தங்கள், கியர் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து இவற்றைவிடக் குறைவாகவே வரும். ஆனால் எண்களுக்கு இடையே உள்ள விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நூறு கிலோமீட்டர்ப் பயணத்தில் 80-லிருந்து 60-க்கு இறங்கினால் இருபத்தைந்து நிமிடம் கூடுகிறது, நான்கு லிட்டருக்கு மேல் மிஞ்சுகிறது.

எடையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீரை இறக்கிவிட்டால் குறைவது நூறு கிலோ, அதாவது 12 நியூட்டன். சமதரையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். புதியவர்கள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாத்திரங்களை எண்ணி இறக்குவார்கள், தண்ணீரைக் கொட்டிவிட்டு வழியெல்லாம் குடம் தேடுவார்கள், டீசலில் கலக்கும் ஏதோ ஒரு புட்டி மருந்து வாங்குவார்கள். ஆனால் திண்டிவனம் சாலை அகலமாகக் கிடைத்ததும் தொண்ணூறில் விரட்டுவார்கள். எடை குறைப்பது வரம்புக்காகவும் பிரேக்குக்காகவும் அவசியம்தான். டீசலுக்காக என்றால் முதலில் காலைத் தளர்த்துங்கள்.

அறுபதுக்கும் கீழே இறங்கினால் இன்னும் மிஞ்சுமே என்றால், மிஞ்சும். ஆனால் நான்கு வழிச் சாலையில் லாரிகள் பின்னால் வந்து மோதும்படி ஊர்வது ஆபத்து. பின்னால் வருபவர்களைத் தேக்காத வேகம் எதுவோ, அதில் குறைந்ததே சரியான வேகம். முன்னால் போகும் பேருந்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றை மறைக்கும் தந்திரத்தை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. டிரெய்லரோடு நிற்கத் தேவைப்படும் தூரம் வெறும் வண்டிக்குத் தேவைப்படுவதைவிட அதிகம்.

8. காற்றின் திசையும் புறப்படும் நேரமும்

காற்றுத்தடை என்பது சாலையைப் பொறுத்த வேகத்தால் வருவதில்லை, காற்றைப் பொறுத்த வேகத்தால் வருகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 60-இல் ஓடினால், காற்றில்லா நாளில் 80-இல் ஓடும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு டீசல் போகுமோ அவ்வளவு போகும். முகப்பில் முள் அறுபதைக் காட்ட, மைலேஜ் மட்டும் 7.5-க்கு விழுந்தால் ஓட்டுபவர் வண்டியைத்தான் சந்தேகிப்பார்.

"போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும்" என்பதும் முழு உண்மையில்லை. அதே 20 கிலோமீட்டர்க் காற்றில் போகும்போது 1,037 நியூட்டன், வரும்போது 259 நியூட்டன், சராசரி 648. காற்றில்லா நாளில் இருப்பது 583. இழந்தது முழுதும் திரும்புவதில்லை. மொத்தத்தில் ஆறு, ஏழு விழுக்காடு நட்டம்.

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்த ஊர்களில் வாழ்ந்துகொண்டு, டீசல் கணக்கில் மட்டும் காற்றை மறப்பது வேடிக்கை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குக் காற்றில் சென்னை நோக்கிப் போவது எதிர்க்காற்றுப் பயணம், திரும்புவது எளிது. கோடையில் முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கும். பக்கக் காற்று எதிர்த்துத் தள்ளாது என்று நினைக்க வேண்டாம்: உயரமான கூண்டின் அகலப் பக்கத்தை அது அழுத்தும்போது தடையும் கூடும், வால் ஆட்டமும் தொடங்கும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பகலில் வலுக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்குப் புறப்பட்டு, கடற்காற்று எழுவதற்குள் பெரும்பகுதித் தூரத்தை முடித்துவிடுங்கள். ஏசியின் சுமையும் குறையும், டயரும் குளிர்ந்திருக்கும். பகலில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது மறைப்பே இல்லாத வெளியில் காற்று வலுத்தால், வேகத்தைப் பத்து குறைத்துக்கொள்ளுங்கள்.

9. கியர், பிரேக், வேகத்தடை

டாப் கியரில் போனால்தான் மிச்சம் என்ற எண்ணம் வெறும் வண்டிக்குச் சரி. டிரெய்லரோடு, டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,300 சுற்றில் முக்கிக்கொண்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் வேகம் ஏறவில்லை என்றால், ஒரு கியர் இறக்குவதே சிக்கனம். பெரும்பாலான டீசல் பிக்கப்புகளில் இழுவிசை 1,600-க்கும் 2,500-க்கும் இடைப்பட்ட சுற்றுகளில் நன்றாக இருக்கும். தானியங்கி கியர் வண்டியில் கியர் ஐந்துக்கும் ஆறுக்கும் மாறி மாறித் தாவினால் கைமுறையில் ஐந்திலேயே நிறுத்துங்கள். தாவும் ஒவ்வொரு முறையும் சூடாகி வீணாவதும் டீசல்தான்.

இனி வேகத்தடைகள். 3,500 கிலோ வண்டியை 10-லிருந்து 60-க்கு மீண்டும் ஏற்ற ஏறத்தாழ 44 மில்லிலிட்டர் டீசல் தேவை. கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை. இருபது தடைகளைத் தாண்டினால் ஏறக்குறைய 0.9 லிட்டர், பிரேக்கில் சூடாகப் போய்விடும். இதில் பாதியை மீட்கலாம்: தடையோ சிக்னலோ தெரிந்ததும் காலை எடுத்துவிடுங்கள். 60-லிருந்து 40-க்குத் தானாக இறங்க, சமதரையில் சுமார் 300 மீட்டர் போகும். கியரில் இருந்தால் எஞ்சின் பிடிப்பால் அதைவிடச் சற்றுக் குறையும். முன்கூட்டியே பார்த்து ஓட்டுவது என்பது டிரெய்லர்க்காரருக்கு 300 மீட்டர் முன்பே பார்ப்பது.

இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி டீசல் மிச்சம் பிடிக்கும் பழைய லாரிப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்றைய டீசல் எஞ்சினில் கியரில் இருந்துகொண்டு காலை எடுத்தால் டீசல் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, டிரெய்லர் தள்ளும்போது எஞ்சினின் பிடிப்பும் இல்லை.

10. உயரமும் கூரையும்

பிக்கப்பின் கூரைக்கு மேலே துருத்தி நிற்கும் டிரெய்லர் முகப்புதான் காற்றை வாங்குகிறது. கூரையில் சைக்கிள், சுருட்டிய தார்ப்பாய், கூடைகள் ஏற்றினால் அந்தப் பரப்பு கூடும். அவற்றை டிரெய்லருக்குள்ளோ பிக்கப் தொட்டியிலோ மாற்றுங்கள். படபடவென்று அடிக்கும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். பிக்கப் கூரையில் பொருத்தும் காற்றுத் தடுப்புத் தகடுகள் சில இணைகளில் பலன் தரும், சிலவற்றில் தராது. பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பொறுத்தது. வாங்குமுன் நண்பரிடம் இரவல் வாங்கி, ஐந்தாம் படியின் முறைப்படி இரண்டு ஓட்டம் பாருங்கள்.

11. மலைக்குப் போவதாக இருந்தால்

சமதரையில் பெரிதாகத் தெரியாத எடை, மலையில் தன் முகத்தைக் காட்டும். 3,500 கிலோவை ஆயிரம் மீட்டர் ஏற்ற மட்டும் 34 மெகாஜூல், அதாவது மூன்று லிட்டருக்குச் சற்று மேல் டீசல், மற்ற தடைகளுக்கு மேலாகத் தேவை. இறங்கும்போது அதில் பெரும்பகுதி பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகவே போகும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஏற்காட்டுக்கு டிரெய்லரை இழுப்பதைவிட, சேலத்திலேயே பாதுகாப்பாக நிறுத்திவிட்டு பிக்கப்பில் மட்டும் ஏறுவதே என் வழக்கம். ஏறியே ஆக வேண்டும் என்றால், மலையடிவாரத்திலேயே தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்யுங்கள். அந்த இடத்தில் அது பொருளுள்ள வேலை.

12. எண் திடீரென்று விழுந்தால் எந்த வரிசையில் தேடுவது

ஒரு ஓட்டத்தில் விழுந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முதலில் நோட்டில் அன்றைய காற்றையும் நேரத்தையும் பாருங்கள். அது ஒத்திருந்தால் ஹப் சூடு, பிறகு டயர் காற்று, பிறகு காற்று வடிகட்டி. செம்மண் சாலைகளில் ஓடியிருந்தால் வடிகட்டியை முன்னுக்குக் கொண்டுவரலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை மாசு விதியின் ஆறாம் கட்டம்) டீசல் வண்டிகளில் இன்னொன்று உண்டு. புகைப்போக்கியில் உள்ள துகள் வடிகட்டி நிறைந்ததும், அதில் சேர்ந்த கரியை எரித்துத் தள்ள எஞ்சின் கூடுதலாக டீசல் தெளிக்கும். அது உங்கள் சோதனை ஓட்டத்துக்குள் வந்துவிட்டால் அந்த எண் குறைந்தே வரும். அந்த வரியின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஓட்டத்தை மறுபடி செய்யுங்கள். நின்ற நிலை எஞ்சின் சுற்று வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதும், வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி ஓடுவதும் பல வண்டிகளில் அதன் அடையாளம். அந்த நேரத்தில் எஞ்சினை அணைக்காமல் சில கிலோமீட்டர் சீராக ஓட்டி முடிக்க விடுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரை போய்வரும் குறுந்தூர ஓட்டங்களிலேயே வண்டியை வைத்திருந்தால் அந்த எரிப்பு முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்கும்.